இரண்டு மனுவிலும் அதே பெயர்கள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் முட்டி ஆடும், முட்டி ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் சான்றிதழைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். விருத்தாசலத்தில் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது என் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். போர்டில் இல்லாத ஒரு வேலையும் உண்டு. இங்கிலீஷில் வந்த காகிதத்தைப் படித்து அர்த்தம் சொல்வது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை, ஏனென்றால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். நாலு பேர் வாயைப் பிளந்து கேட்க, நான் பென்சிலால் கோடு போட்டு விளக்க வேண்டும். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

ஒருநாள் காலையில் பீங்கான் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் எல்லாம் செய்கிற நடுத்தரமான கம்பெனி. அவர் கம்பெனியின் பின்சுவருக்கு அந்தப் பக்கத் தெருவில்தான் என் அக்கா குடியிருக்கிறாள். அக்காவுக்கு வேலையும் அதே கம்பெனியில்தான், பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது. அவள் என் அக்கா என்று அவருக்குத் தெரியும். டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, ஒரு பேப்பர் கட்டிங்கை மேசைமேல் வைத்தார்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் உட்பட எத்தனையோ சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டித் திருத்துவதற்கு ஒரு மசோதா. அதை நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று ஆராய்கிறது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் பதினைந்து நாளைக்குள் எழுத்து மூலமாக அனுப்பலாம். இரண்டு பிரதி, இங்கிலீஷில் அல்லது இந்தியில்.

"எங்க மாதிரி சின்ன ஓனருங்க எல்லாம் சேந்து ஒரு லெட்டர் போடலாம்னு இருக்கோம். ஆனா அதுல என்னா இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியலைங்க மேடம். நீங்கதான் படிச்சு சொல்லணும்" என்றார்.

சொன்னேன். மசோதாவை டவுன்லோடு செய்து, கடைசியிலிருந்த நீள அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுச் சொன்னேன். இதுவரை சட்டத்தை மீறினால் சிறைத் தண்டனை என்று இருந்தது. இனிமேல் அந்த இடத்தில் அபராதம். கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. ஓர் அதிகாரியே விசாரித்து, எவ்வளவு என்று முடிவு செய்வார். பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம்.

"கட்டலன்னா?"

"கட்டலன்னாதான் ஜெயில்."

"கட்டிடுவோம்ங்க" என்றார் அவர். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "தொட்டி வழிஞ்சா ஜெயில், மழைல மண்ணு கரைஞ்சு வெளிய போனா ஜெயில்னா நாங்க எப்படிங்க தொழில் பண்றது? பெரிய ஃபேக்டரிக்காரன் வக்கீல் வச்சுக்குவான். நானு? என் சம்சாரத்தையும் புள்ளைங்களையும் வுட்டுட்டு உள்ள போய் உக்காரணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் சேர்த்து நல்ல இங்கிலீஷில் மனுவை எழுதிக்கொடுத்தேன். மூன்று பக்கம். படித்துப் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் போன பிறகு, முட்டி ஆடிக்கொண்டே இருந்தபோதுதான், நான் என்ன செய்திருக்கிறேன் என்று மெல்ல உறைத்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கம்பெனியில் மண் அரைக்கிற எந்திரத்தையும் அச்சுகளையும் கழுவிய தண்ணீரை ஒரு குழாய் வழியாகப் பின்பக்க வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாய்க்கால் கரைக்கும் அக்கா தெருக் கிணற்றுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. கிணற்றுத் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆனது. குளித்தால் உடம்பெல்லாம் நமைச்சல். அதில் என்னென்ன கலந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. மனுமேல் மனு போட்டு, கடைசியில் கடலூர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குழாயைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். கம்பெனிக்காரரைத் தனியே கூப்பிட்டு, இந்தச் சட்டத்தில் உள்ளே போனால் எத்தனை வருஷம் தெரியுமா என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்து, உள்ளேயே மூன்று தொட்டி கட்டி, சேறு தங்கவைத்து, தெளிந்த தண்ணீரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு மழைக்காலம் போனதும் கிணறு தெளிந்தது.

கேஸ் இல்லை, கோர்ட் இல்லை. அந்தப் பயம் ஒன்றுதான் கிணற்றுக்குக் காவல். அந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிற மனுவைத்தான் நான் மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அக்கா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல் இடுக்கில் நீலமும் சிவப்பும் ஒட்டியிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். மசோதா, குழு, பதினைந்து நாள். முதலில் வந்த மனுவை யார் எழுதினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"அப்ப எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுடி" என்றாள் உடனே. "ஜெயிலுக்குப் போவோம்னு பயந்துதான் அவன் கொழாய அடைச்சான். அந்த பயத்த எடுத்துடாதீங்கன்னு எழுது. அபராதம்னா கட்டிட்டு தொறந்து வுட்டுடுவான்னு எழுது."

"இங்கிலீஷ்லதான் எழுதணும்."

"ஏன், தமிழ்ல எழுதுனா படிக்க மாட்டாங்களா?"

"இல்லன்னா இந்தி."

"அது ரெண்டும்தான் அவங்களுக்குத் தெரியுமாக்கும்" என்று சொல்லி, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் தண்ணீர் சேந்திக்கொண்டே சொல்ல, நான் கிணற்றுக் கட்டையில் நோட்டை வைத்து எழுதினேன். நான் எழுதின மனுக்களிலேயே அதுதான் ஒழுங்கான மனு என்று இப்போதும் சொல்வேன். எந்தப் பிரிவு, எந்த வரி, எந்தக் கிணறு, எத்தனை குடும்பம் என்று பிசகில்லாமல் எழுதினேன். முதல் மனுவுக்குப் பரிகாரம் செய்கிற வேகம் அதில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மனு என்றால் ஒரு பழக்கம் உண்டு. எழுதுவது தனி வேலை, கையெழுத்து வாங்குவது தனி வேலை. வெள்ளைத்தாளில் வரிசை எண் மட்டும் போட்டு, தாளை ஊருக்குள் அனுப்பிவிடுவார்கள். டீ வரும் நேரம், ரேஷன் கடை வரிசை, மகளிர் குழுக் கூட்டம், இப்படி எங்கே நாலு பேர் சேர்கிறார்களோ அங்கே அது போகும். எதற்கு என்று ஒருவர் கேட்டால் ஒரு வரியில் சொல்வார்கள். பேனாவை வாங்கி எல்லாரும் போட்டுவிடுவார்கள். பிறகு அந்தத் தாள்களை மனுவின் பின்னால் ஸ்டேப்ளர் அடித்துச் சேர்ப்பார்கள். சாலை வேண்டும் என்றாலும் சரி, டாஸ்மாக் வேண்டாம் என்றாலும் சரி, இதுதான் முறை. இதில் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

இரண்டு நாளில் கம்பெனிக்காரர் தம் பக்கத்துத் தாள்களைக் கொண்டுவந்தார். ஓனர்கள் மட்டும் போட்டால் எடுபடாது என்று, தொழிலாளிகளிடமும் வாங்கியிருந்தார். "எல்லாப் பேரையும் டைப் பண்ணி வச்சுடுங்க மேடம், டெல்லிக்காரங்களுக்குத் தமிழ்க் கையெழுத்து புரியாது" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். தாள்களில் அங்கங்கே வெள்ளை மண் ஒட்டிய விரல் தடம். நான்காவது பெயர் என் அக்காவுடையது.

அதற்குக் கீழே அவளோடு வேலைக்குப் போகிற தெருப் பெண்கள். ஒவ்வொரு பெயராக வந்தது. அன்று சாயங்காலம் அக்கா கொண்டுவந்து கொடுத்த தெருத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பெயர்கள். அதே கையெழுத்துகள். ஒரு பெண் இரண்டிலும் தன் பெயரைப் பாதியில் அடித்துத் திரும்ப எழுதியிருந்தாள். மொத்தம் பதினோரு பேர், சட்டம் மாறட்டும் என்றும் மாறக்கூடாது என்றும் ஒரே வாரத்தில் நாடாளுமன்றத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்காவுக்கு போன் போட்டேன்.

"கம்பெனில ஏதாவது தாள்ல கையெழுத்து போட்டியா?"

"ஆமா. டீ குடிச்சிக்கினு இருந்தப்ப நீட்டுனாங்க. கம்பெனிய மூடாம இருக்கறதுக்கு மனுன்னாங்க. போட்டேன். ஏன்?"

"அது ஜெயில் தண்டனைய எடுக்கச் சொல்ற மனுதான்க்கா. பேர் டைப் பண்ண எங்கிட்ட வந்திருக்கு."

பின்னால் தெருவில் யாரோ குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப அதுல என் பேர அடிச்சுடு" என்றாள்.

"அவரு பேரெல்லாம் எண்ணிப் பாத்து வாங்கிட்டுப் போவாரு. உன் பேரு இல்லன்னா தெரியும்."

"அய்யோ, அப்ப வேணாம். இருக்கட்டும்." மறுபடி யோசித்தாள். "வேல செய்யற எடத்துல நீட்டுனா போடாம என்னாடி பண்ணச் சொல்ற? ஆனா ஒண்ணு, கம்பெனிய மூடணும்னு எங்க யாருக்கும் ஆச கெடையாது. அதையும் எழுதிடேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. தெருக்காரர்கள் மனுவில் ஒரு பத்தி சேர்த்தேன். இந்தப் பெயர்களில் பலவற்றை இதே ஊரிலிருந்து வரும் இன்னொரு மனுவிலும் காண்பீர்கள். அது மோசடி அல்ல. கம்பெனி நடக்கவேண்டும், ஆனால் கழுவின தண்ணீர் கிணற்றுக்கு வரக்கூடாது. இரண்டும் வேண்டியவர்கள் நாங்கள். ஒரே ஆளை இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடவைக்கிற நிலைமை என்னவென்று தயவுசெய்து கூப்பிட்டுக் கேளுங்கள். எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவில் யாராவது ஒருவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டால் போதும் என்று பட்டது.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"அந்த மனு அவரு கையில கெடச்சிட்டுதுன்னா?"

"குழுவுக்குப் போற மனுவ அவங்க வெளிய காட்ட மாட்டாங்கக்கா."

"டெல்லில இருக்கறவங்க காட்ட மாட்டாங்க. இங்க இருக்கறவங்க? உன் கடைல ஜெராக்ஸ் எடுக்கறப்ப யாரு நின்னுக்கினு பாப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? பதினோரு பேரு வேலடி அது. எடுத்துடு."

எடுத்துவிட்டேன். டெலிட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பத்தி முழுக்கப் போகும்வரை விரலை எடுக்கவில்லை. பத்தி இல்லாமல் அந்த மனு ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஆறவில்லை.

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் இரண்டு கவர்களையும் நானே எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் போனேன். இரண்டிலும் ஒரே முகவரி. கவுண்டரில் இருந்தவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அனுப்பிச்சிருக்கலாமேம்மா" என்றார். முடியாதுங்க என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்பீடு போஸ்ட் எங்கே போகிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தேன். போய்ச்சேர்ந்தது என்று வந்த பிறகும் பார்த்தேன். குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்து, இன்று கூட்டம் நடந்ததா, யாரை அழைத்தார்கள், எந்த அமைச்சகம் விளக்கம் சொன்னது என்று தேடுவேன். யாராவது சாதிச் சான்றிதழுக்கு வந்து நின்றால் எரிச்சலாக இருக்கும். ஜங்ஷனில் ரயில் ஏறி டெல்லிக்கே போய் அந்தக் கதவைத் தட்டினால் என்ன என்றுகூட ஒருநாள் நினைத்தேன். டீயை வாங்கி வைத்துவிட்டு மறந்துபோய், ஏடு படிந்த பிறகு தூக்கி ஊற்றுவேன். கம்பெனிக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "ஏதாவது தெரிஞ்சுதாங்க மேடம்?" என்று கேட்பார். அக்காவும் அதே கேள்வியைத்தான் கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. பெரிய பிடிஎஃப். முதலில் விருத்தாசலம் என்று போட்டுத் தேடினேன். இல்லை. கடலூர் என்று தேடினேன். அதுவும் இல்லை. பெயர் போட்டிருந்தவை எல்லாம் பெரிய பெரிய அமைப்புகள். எங்கள் பிரிவு வரும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். சிறைத் தண்டனையை எடுத்தால் பயம் குறையாதா என்று குழு அமைச்சகத்தைக் கேட்டிருந்தது. அபராதமே போதிய பயத்தைத் தரும் என்று அமைச்சகம் பதில் சொல்லியிருந்தது. குழு அதை ஏற்றுக்கொண்டு, பிரிவு அப்படியே இருக்கலாம் என்று முடித்துவிட்டது. கடைசியில் உறுப்பினர் ஒருவர் தனியாக ஒரு மாற்றுக் கருத்து எழுதியிருந்தார். வசதியுள்ளவனுக்கு அபராதம் ஒரு செலவு மாதிரித்தான் என்பது அதன் சாரம். அதை மூன்று தடவை படித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஒரு ஆளாவது விடாமல் எழுதியும் இருக்கிறார். உடனே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீ சொன்னதையேதான்க்கா ஒருத்தர் எழுதியிருக்காரு."

"அப்ப மசோதா நின்னுடுமா?"

"நிக்காது."

"அப்புறம் எதுக்குடி இவ்ளோ சந்தோஷமா சொல்ற?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

மசோதா அவையில் நிறைவேறிய அன்று கடையில் நேரலையைப் போட்டு வைத்திருந்தேன். வேறு ஏதோ விஷயத்துக்காகச் சபை முழுக்கக் கூச்சல். எனக்கு எதிரே ஒரு பெரியவர் ரேஷன் கார்டு லேமினேஷனுக்காகக் காத்திருந்தார். சில பேர் பேசினார்கள், குரல் வாக்கெடுப்பு, முடிந்துவிட்டது. கார்டு இன்னும் சூடாகவே இருந்தது. பெரியவர் அதை வாங்கி ஊதிக்கொண்டே, "என்னாம்மா, யாரு செயிச்சாங்க?" என்று கேட்டார். முடிஞ்சிடுச்சுங்க என்றேன்.

நிறைவேறினாலும் சட்டம் உடனே நடப்புக்கு வராது. தேதி அறிவிக்க வேண்டும், விதிகள் வர வேண்டும். அதுவரை பழைய தண்டனைதான். எனக்கு அது தெரியும் என்பதால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாள் போயிருக்கும். காலை ஏழு மணிக்கு அக்கா போன் போட்டாள்.

"தண்ணி வெள்ளையா வருதுடி" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் நேராகக் கம்பெனிக்குத்தான் போனேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாய் வாயிலிருந்த சிமெண்டை உளி வைத்து அழகாக எடுத்திருந்தார்கள். வாய்க்காலில் பால் மாதிரி ஓடியது. கம்பெனிக்காரர் கேட்டருகே நின்று லாரியில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மேடம்" என்று நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"கொழாய ஏன் சார் தொறந்தீங்க?"

"தொட்டில சேறு எடுக்கறதுக்கு ஆளே கெடைக்கலைங்க. ரொம்ப செலவாவுது." குரலில் ஒரு கள்ளமும் இல்லை. "அதான் சட்டம் மாறிடுச்சுல்ல. இனிமே ஜெயில் இல்லன்னு நீங்கதான வெளக்கமா சொன்னீங்க. அதிகாரி வந்து விசாரிச்சு, அபராதம் போட்டா கட்டிடலாங்க."

"இன்னும் நடப்புக்கு வரல சார். இப்பவும் ஜெயில்தான்."

"வரப்போவுதுல்லங்க" என்று சிரித்தார். "உங்க லெட்டர்தான் மேடம், எங்காளுங்க எல்லாரும் அவ்ளோ பாராட்டுனாங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அந்த அளவு வலித்திருக்காது. இன்றே கடலூருக்கு மனு போடுவேன் என்றேன். போடுங்க, அது உங்க உரிமை என்று மரியாதையாகவே சொன்னார். இப்பவும் ஜெயில்தான் என்றால் சிரிக்கிறவரை அதிகாரி வந்து என்ன சொல்லிப் பயமுறுத்துவார் என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே தெருவைச் சுற்றி அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். குடத்தில் மொண்ட தண்ணீரைக் கீழே ஊற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டு, அவர் பேசியதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஜெயில் இல்ல, அபராதம்தான்னு அவருக்கு இவ்ளோ வெவரமா யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"நான்தான்க்கா. அவங்க மனுவையும் நான்தான் எழுதுனேன். உங்களுதுக்கு முன்னாடி."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். குடத்துத் தண்ணீரை வாழை மரத்தடிக்கு ஊற்றப் போனவள் நின்று, வேண்டாம் என்று சாக்கடையில் ஊற்றினாள்.

"நல்லா எழுதுனியா?"

"ரெண்டையும் ஒரே மாதிரிதான்க்கா எழுதுனேன்."

"அப்புறம் ஏண்டி அவருது மட்டும் போய்ச் சேந்துது?"

கம்பெனிச் சங்கு ஊதியது. அக்கா வீட்டுக்குள் போய் டிபன் டப்பாவைப் பையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் காலியாகவே எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் இரு, கடையில் கேன் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்றேன்.

"வேணாம், வேலைக்கு லேட்டாயிடும்" என்றாள். "எங்களுக்குக் குடிக்க கம்பெனில கேன் தண்ணி வாங்கி வச்சிருக்காங்க. அங்க புடிச்சுக்கறேன்."